என் நெஞ்சுக்குள் ஒரு கரிப் பூச்சு

ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிராத என் அந்தோனிக்கு,

இங்கே மழை இன்னும் விடவில்லை. நீங்கள் போன பிறகு கோயிலுக்கு மேலே இருக்கிற மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார்கள். அது மொட்டையாய்க் கிடந்து, துளிர்த்து, இப்போது பெண்கள் அதில் கொழுந்து எடுக்கிறார்கள். அவ்வளவு காலம் ஆகிவிட்டது. கல்லறைக்கு வந்து நின்று பேசலாம்தான். மேட்டு லயத்து வீட்டு வரிசையில் இருக்கிறவர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை கொழும்புக்குப் போகிறேன். என் இதயத்து வால்வை மாற்ற வேண்டுமாம். நீங்கள் இருந்தால் இதைக் கேட்டதும் என்ன செய்திருப்பீர்கள்? எழுந்துபோய் வெளியே நின்று ஒரு பீடியைப் பற்றவைத்திருப்பீர்கள். பிறகு உள்ளே வந்து, "எத்தன மணி ரயிலு?" என்று மட்டும் கேட்டிருப்பீர்கள்.

பயமாக இருக்கிறது. அதை உங்களிடம்தான் சொல்ல முடியும். முதல் தடவை எனக்கு அவ்வளவாகப் பயமில்லை, தெரியுமா? எனக்குச் சேர வேண்டிய பயத்தையும் சேர்த்து நீங்களே பட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நம் கல்யாணம் முடிந்து முதல் மழைக்காலம். பள்ளிக்கூடத்திலிருந்து லயத்துக்கு ஏறுகிற அந்தச் சின்ன மேட்டில் நான் நடுவில் நின்று மூச்சு வாங்குவேன். மாமி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "டீச்சரம்மாவுக்கு மேடு ஏறுனா மூச்சு வாங்குதாம். நாங்கல்லாம் வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு மலைக்குப் போனவங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்படி சொல்வார். நான் சோம்பேறி இல்லை என்பதை நீங்கள் மட்டும் நம்பினீர்கள். இருமலில் இரத்தம் வந்த அன்றைக்குத்தான் மாமியின் வாய் அடைத்தது.

கண்டியில் பார்த்து, கொழும்புக்கு அனுப்பினார்கள். சின்ன வயதில் எனக்கு முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததே, அதுதான் காரணம் என்றார்கள். ஈர லயத்தில் அந்தக் காய்ச்சல் வராத பிள்ளை யார்? மூட்டில் வந்தது மூட்டோடு போய்விட்டது என்று நினைத்திருந்தோம். அது இதயத்தின் இடது பக்கத்துக் கதவைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. வால்வு என்கிற அந்தக் கதவை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும் என்றார்கள்.

அந்த யாழ்ப்பாணத்து டாக்டரை நினைவிருக்கிறதா? வெளிநாட்டிலிருந்து தருமமாக வந்திருந்த வால்வுகளில் என் அளவுக்கு ஒன்று இருந்தது. அதே மாதிரி இன்னொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, என் கட்டிலருகே உங்கள் உள்ளங்கையில் வைத்தார். துணி சுற்றிய ஒரு சின்ன வளையம். அதற்குள் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாய், கறுப்பாய், கண்ணாடி போல மினுங்குகிற ஒரு வட்டு. சாய்த்தால் திறந்தது, நிமிர்த்தினால் மூடியது.

"இது என்னங்க, தார் பூசியிருக்கா?" என்று கேட்டீர்கள்.

அவர் சிரிக்கவில்லை. "தார் இல்லை, கரி. அடுப்புக் கரி எண்டு நினையாதேயும். கடுஞ்சூட்டு உலைக்குள்ளை வாயுவை விட்டு, அதிலை இருந்து கரியைப் பூச்சாப் படிய விடுறது. இரத்தம் தனக்குத் தெரியாத எந்தச் சாமானிலை பட்டாலும் உறையப் பாக்கும். இந்தப் பூச்சிலை அப்பிடி லேசிலை பிடிக்காது. விளங்குதோ?"

"அப்ப ஒறையவே ஒறையாதாங்க?"

"முழுக்க நம்பேலாது. அதாலைதான் ஒவ்வொரு நாளும் விழுங்கிற குளிசை. ஆயுள் முழுக்க. ஒருநாளும் விடக் கூடாது." பிறகு வளையத்தைச் சுற்றியிருந்த துணியை நகத்தால் தொட்டுக் காட்டினார். "இந்த விளிம்பைத்தான் இதயத்தோடை வைச்சுத் தைக்கிறது. கிருமிக்கு இந்தத் துணி நல்ல இடம். பல்லிலை, காயத்திலை இருந்து வந்து இதிலை குடியேறும். காய்ச்சல் வந்தால் வீட்டிலை வைச்சிருக்க வேண்டாம். இரத்தம் எடுத்துச் சோதிக்க முந்தி ஒரு மருந்தும் குடுக்க விடாதேயும்."

நீங்கள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இதுக்கும் கரி பூசிட்டா என்னங்க?"

"பூசினால் சதை பிடிக்காது. சதை அந்தத் துணிக்குள்ளை வளர்ந்து இறுக்கினாத்தான் வால்வு கழராமல் நிக்கும்."

நீங்கள் ஓட்டுகிற லொறியில் கழன்ற ஒரு சாமானைப் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தீர்கள்.

ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்குள்ளே வட்டு மூடித் திறக்கிற ஒரு சத்தம் இருந்தது. வகுப்பில் நான் பேசாமல் நின்றால் முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்கும். விடியலில் லொறியை எடுக்கப் போகுமுன் என் முதுகில் காதை வைத்துக் கேட்பீர்கள். "ம், சரியா ஓடுது" என்று எஞ்சினைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போவீர்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும். நான் உங்கள் மனைவியா, லொறியா?

அந்தக் குளிசை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை நீங்கள்தான் மாமியிடம் சொன்னீர்கள். அன்றைக்கு நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"எனக்கு நீ ஒத்தப் புள்ளடா. இவளக் கட்டி வச்சிட்டு, பேரப் புள்ள கூட இல்லாம நான் சாகணுமா? நம்ம சாதி சனத்துல பொண்ணா இல்ல?"

"அம்மா, இந்தப் பேச்சு இன்னிக்கோட போதும். இன்னொரு தரம் பேசுனீங்கன்னா நானும் லூர்தும் வேற லயத்துக்குப் போயிருவோம்."

அதற்குப் பிறகு மாமி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில், ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு பெண்கள் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்தோம். நீங்கள் நடுவில் இருந்துகொண்டு இரண்டு பக்கமும் பேசினீர்கள். எப்படித்தான் பொறுத்தீர்களோ.

பிறகு அந்த ஆனி மாத மழை.

முதலில் ஈறு வீங்கியது. உப்புத் தண்ணீரால் கொப்பளித்தேன், அடங்கிவிட்டது. அதை நான் மறந்தே போனேன். கொஞ்ச நாளில் சாயங்காலமானால் குளிர் எடுக்க ஆரம்பித்தது. தோட்டம் முழுக்கக் காய்ச்சல்தான், லயத்துக்கு லயம் இருமல். தோட்டத்து டாக்டரையா, "எல்லாருக்கும் வர்ற காய்ச்சல்தான்ம்மா" என்று சொல்லி கப்சூல்களை எண்ணிக் கடதாசியில் மடித்தார். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ரத்தம் எடுத்துப் பாக்காம இவளுக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னு கொழும்புல பெரிய டாக்டரு சொல்லியிருக்காரு. நெஞ்சுல வால்வு இருக்குங்க."

அவர் கோபிக்கவில்லை. மடித்த கடதாசியைத் திரும்பப் பிரித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அப்ப இங்க வச்சிக்கிட்டு நிக்காத, அந்தோனி. இன்னிக்கே கண்டிக்குக் கொண்டு போ" என்றார். பிறகு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்து, "எதுல கொண்டு போவ?" என்றார்.

ஹட்டன் பாதையில் மண் சரிந்து கிடந்தது. ரயில் ஓடவில்லை. தலவாக்கலையில் பஸ் ஒன்றும் நகரவில்லை. தோட்டத்தில் ஓடுகிற வண்டி உங்கள் கொழுந்து லொறி மட்டும்தான். அது கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் பாதிக் கொழுந்து ஏற்றிய நிலையில் நின்றது.

என்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு வந்தீர்கள். நிறுவைக்கு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னத் தொரை, பெரிய தொரைக்கு அடுத்த அதிகாரி, குடையோடு நின்றிருந்தார். சிங்களப் பையன், நம்மைவிட வயது குறைவு, கெட்டவர் இல்லை.

"லொறி குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல அந்தோனி. பெரிய தொரைகிட்ட கேக்கணும்."

"கேளுங்க சார். இப்பவே கேளுங்க."

"போன் வேல செய்யுது இல்ல. காலையில இருந்து செத்துப் போச்சு." குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "கொழுந்து ஃபெக்டரிக்குப் போகாட்டி பழுதாப் போயிரும். நான்தான் பதில் சொல்லணும்."

உங்கள் கைகளில் நான் அனலாய்க் கிடந்தேன். உங்கள் சட்டைப் பொத்தான் என் கன்னத்தில் குத்திக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. யாரும் அசையவில்லை. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது லொறியின் பின்பக்கம் ஏறியது யார் என்று நினைக்கிறீர்கள்? பார்த்தீர்கள்தானே. நான் மறுபடி சொல்ல ஆசைப்படுகிறேன். மாமிதான் ஏறினார். தலையில் கட்டிய சாக்கோடு, ஒரு கொழுந்து மூட்டையை இழுத்துப் பாதையில் தள்ளினார்.

"எறக்குங்கடி" என்றார்.

"மழையில நனைஞ்சா கொழுந்து போச்சே அத்தே, காலைல இருந்து எடுத்தது" என்று யாரோ சொன்னார்கள்.

"மொதல்ல கெடக்குறது எங் கொழுந்துதான். எறக்கு."

பெண்கள் வரிசையாக ஏறித் தாங்கள் பறித்ததைத் தாங்களே தூக்கி எறிந்தார்கள். பச்சைக் கொழுந்து சேற்றில் குவிந்தது. சின்னத் தொரை போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. நீங்கள் என்னை முன் ஆசனத்தில் வைத்தீர்கள். மாமி நனைந்த சேலையோடு மறுபக்கம் ஏறி என் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். பேச்சு நின்றுபோன பிறகு அவர் கை என்மேல் பட்டது அன்றைக்குத்தான்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் இறக்கிப் பார்த்தார்கள். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற வசதி கண்டியில்தான், தாமதிக்காமல் போங்கள் என்றார்கள். அங்கிருந்து ரம்பொடை வழியாக இறங்கினோம். அந்த வளைவுகளில் மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் பாதை நடுவே பாறை. நீங்கள் இறங்கி, தேயிலைச் செடிக்குள் கிடந்த ஒரு மரத்துண்டை எடுத்து நெம்பித் தள்ளினீர்கள். இடது பக்கம் பள்ளம் எவ்வளவு என்று தெரியாதபடி வெள்ளையாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது உங்கள் விரல்களில் இரத்தம்.

"லூர்து, பேசு" என்றீர்கள். எனக்குப் பேச வரவில்லை.

"பேச முடியலன்னா விடு. அம்மா, சத்தம் கேக்குதா பாருங்க."

மாமி குனிந்து என் நெஞ்சில் காதை வைத்தார். லொறிச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? ஆனாலும், "கேக்குதுடா. நீ ரோட்டப் பாரு" என்றார். பிறகு செபமாலையை முணுமுணுக்கத் தொடங்கினார். கம்பளை வரும்வரை நிறுத்தவில்லை.

கண்டியில் நம்மைப் பார்த்தது ஒரு இளம் சிங்கள டாக்டர் அம்மா. அவர் முதலில் என் நெஞ்சைப் பார்க்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து டோர்ச் வெளிச்சத்தில் நகங்களைப் பார்த்தார். நகத்துக்குக் கீழே மரச் சிராய் ஏறியது போலச் சின்னச் சிவப்புக் கோடுகள். ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்று நீங்கள் சொன்னதும் அவர் தோள்கள் இறங்கின. நல்லது, அப்படியானால் என்ன கிருமி என்று கண்டுபிடிக்கலாம் என்று சொல்லி, வெவ்வேறு இடங்களில் குத்தி இரத்தம் எடுத்துச் சின்னப் போத்தல்களில் ஊற்றினார்.

பயந்த இடத்தில்தான் கிருமி இருந்தது. வாயிலிருந்து போன கிருமி அந்தத் துணி விளிம்பில் குடியேறியிருந்தது. பிறகு வாரக் கணக்கில் பெனிசிலின். என் கையில் ஊசி போட நரம்பு கிடைக்காமல் போனது. நீங்கள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தீர்கள். மாமி வார்ட்டுக்கு வெளியே விறாந்தையில்.

ஒரு காலையில் தேத்தண்ணீர் டம்ளர் என் வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனேன், கை வரவில்லை. உங்களைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது சொல்லே இல்லை, வெறும் சத்தம். உங்கள் முகம் அப்போது மாறிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. டாக்டர் அம்மா ஓடி வந்தார். விளிம்பிலிருந்து ஒரு துணுக்குப் பிய்ந்து மூளைக்குப் போயிருக்கலாம், பெரிய துணுக்காக இல்லாமல் இருக்க வேண்டும் என்று உங்களிடம் சொன்னார். மத்தியானத்துக்குள் கை திரும்பியது, பேச்சும் திரும்பியது. நான் பேசிய முதல் வார்த்தை "பசிக்குது" என்பது. நீங்கள் வார்ட்டை விட்டு வெளியே போய் வெகுநேரம் வரவில்லை. அழுதீர்கள் என்று மாமி பிறகு சொன்னார்.

காய்ச்சல் ஒருவழியாக அடங்கியது. எக்ஸ்ரே திரையில் வட்டு முழுதாகத் திறந்து முழுதாக மூடுவதை உங்களுக்குக் காட்டினார்களாம். கிருமி துணியைத் தாண்டவில்லை, கரிப் பூச்சில் ஒன்றும் பிடிக்கவில்லை என்றார் டாக்டர் அம்மா. லொறியைத் தோட்டத்து ஆள் வந்து முன்பே எடுத்துப்போயிருந்தார். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் மாமி என்னைப் பார்த்து, "ஜன்னல மூடு, காத்து அடிக்குது" என்றார். அதுதான் அவர் என்னோடு பேச ஆரம்பித்த வார்த்தை.

தோட்டத்தில் விசாரணை வைத்தார்கள். கொழுந்து பழுதானதற்கும், அனுமதி இல்லாமல் லொறி எடுத்ததற்கும். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஆபீஸுக்குள் போய், "எங்க கொழுந்த நாங்கதான் எறக்குனோம்" என்று சொன்னார்கள். அதனால் உங்களை வேலையை விட்டு நீக்கவில்லை. லொறி ஓட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டு, ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலைக்கு அனுப்பினார்கள். ஓட்டுவதைத் தவிர வேறு ஆசை இல்லாத மனிதர் நீங்கள். ஒரு நாளும் என் முகத்துக்கு நேரே வருத்தப்படவில்லை. "இப்ப நான்தான் ஒனக்குக் கரி செய்யிற ஆளு" என்று சிரித்தீர்கள்.

வேறு யாராவது லொறியை ஓட்டிக்கொண்டு லயத்துக்குக் கீழே போகும்போது, கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டு நீங்கள் பேச்சை நிறுத்துவீர்கள். அதை நான் கவனித்திருக்கிறேன். கவனிக்காத மாதிரி இருந்தேன்.

எல்லாரும் நான் முந்திப் போவேன் என்றுதான் இருந்தோம். நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள், இல்லையா? அந்த அடுப்பின் முன்னால் உங்களுக்கு நெஞ்சு வலித்ததாம். வாய்வு என்று சொல்லி இஞ்சி வாங்கிக் கடித்தீர்களாம். இதை எனக்கு உங்களோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள், பிறகு. ஏன் என்னிடம் சொல்லவில்லை? என் மூச்சுக் கொஞ்சம் மாறினாலே எழுந்து உட்கார்கிற மனிதர் உங்கள் வலியை எதற்கு மறைத்தீர்கள்?

பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து நான் ஓடிப்போனபோது உங்களை விறகுக் குவியலில் சாய்த்து வைத்திருந்தார்கள். முகத்தில் தூக்கம் மாதிரிதான் இருந்தது. நான் சட்டையை விலக்கி உங்கள் நெஞ்சில் காதை வைத்தேன். என் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்க வழி இருந்தால் நிறுத்தியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் குளிசையைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்டிருப்பார்கள்? மாமி கேட்டார். ஒவ்வொரு சாயங்காலமும் தண்ணீரோடு வந்து நிற்பார். "போட்டியா?" போட்டுவிட்டேன் என்றால், "வாயத் தொற" என்பார். உங்கள் அம்மா அப்படித்தான்.

இப்போதைய செய்திக்கு வருகிறேன். கச்சான் காற்று அடிக்கிற இந்த மழைக்காலத்தில் மறுபடியும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சத்தமும் மந்தமாகிவிட்டது, கதவுக்கு நடுவே துணி சிக்கியது போல. கொழும்பில் போய்க் காட்டினேன். அந்த யாழ்ப்பாணத்து டாக்டர், தமிழர்களை அடித்த கலவரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போய்விட்டாராம். இப்போது இருப்பவர் சிங்களவர், பொறுமையான மனிதர், நல்ல தமிழ் பேசுகிறார். விளிம்புத் துணியிலிருந்து சதை அளவுக்கு மேல் வளர்ந்து உள்ளே வந்திருக்கிறது, அதில் இரத்தமும் கொஞ்சம் உறைந்திருக்கிறது, வட்டு பாதிதான் திறக்கிறது என்றார். கழலாமல் பிடிப்பதற்காக வளரவிட்ட அதே சதை. வட்டில் பூசிய கரி மட்டும் இத்தனை வருஷத்தில் தேயவில்லையாம்.

உங்களுக்காக நான் கேட்டேன். நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள் என்று தெரியும். புதிதாக என்ன வந்திருக்கிறது டாக்டர் என்றேன். இப்போது இரண்டு கதவுள்ள வால்வு, இரண்டிலும் கரிப் பூச்சு என்றார். வெளிநாடுகளில் இரத்தம் ஓடுகிற குழாய்களின் உட்பக்கத்தில் உறையாமல் தடுக்கிற மருந்தையே பூச்சாகப் பதிக்கிறார்களாம். கிருமி ஒட்டாமல் இருக்க வெள்ளி கலந்த பூச்சையும் சோதித்துப் பார்க்கிறார்களாம். "அந்தத் துணிக்குப் பூச வழி கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டேன். "பாத்துக்கிட்டு இருக்காங்க. சதையும் பிடிக்கணும், கிருமியும் பிடிக்கக் கூடாது. அது லேசு இல்ல" என்றார். கொழும்பு ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்தபடி நான் உங்களுக்காகச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் இரண்டாம் தடவை நெஞ்சைத் திறப்பது முதல் தடவை மாதிரி இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. பழைய தழும்பு எல்லாம் ஒட்டிக் கிடக்குமாம். ஆபரேஷன் மேசையிலேயே போகிறவர்களும் உண்டாம். நாடும் சரியில்லை. கடையை மூடு என்று கிளர்ச்சிக்காரப் பையன்களின் சீட்டு வந்தால் கடை மூடுகிறது, பஸ்ஸை நிறுத்து என்றால் பஸ் நிற்கிறது. ஊரடங்கு எப்போது வரும் என்று தெரியாது. திரும்பி வந்த அன்றைக்கு நான் மாமியிடம் சொன்னேன். "மாமி, நான் போகலீங்க. இருக்குறவரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

சொன்னபோது உங்களிடம் வருவதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"எம் மவன் லொறிய விட்டான், ஒனக்காக. புள்ள குட்டி வேணாம்னான், ஒனக்காக. நீ இப்படிக் குந்திக்கிட்டுச் சாவணும்னா அவன் எதுக்கு அந்த மழையில அவ்ளோ தூரம் ஓட்டுனான்?"

சேலையில் ஒட்டியிருந்த ஒரு கீரை இலையை எடுத்துப் போட்டார்.

"அவன் போயிட்டான். நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? சொல்லு பாப்போம்."

உங்கள் அம்மா அழுது நான் பார்த்தது உங்கள் அடக்கத்தன்று. அதற்குப் பிறகு இப்போதுதான். நான் அவர் கையைப் பிடித்தேன். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள். போகிறேன் மாமி என்றேன். உடனே எழுந்துபோய் கீரையை எடுத்துக்கொண்டார். "நானும் வர்றேன். ஒன்னத் தனியா அனுப்பிட்டு இங்க குந்திக்கிட்டு என்ன பண்ண?" என்றார் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு.

இப்போது இரண்டு சேலைகளை மடித்து வைத்துவிட்டார். பலகார டப்பா ஒன்றும் தயார். நேற்று என்னிடம் கேட்டார். "கடலு அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கமா?"

"கொஞ்சத் தூரம் மாமி. ஏன், பாத்ததில்லையா?"

"எங்க பாத்தேன்? மேல பொறந்து மேலயே கெடக்கேன். எங்கப்பன் ஆத்தாதான் இந்தியாவுல இருந்து அதுல வந்தாங்களாம். நான் பாக்கல."

எத்தனை வருஷம் ஒரே காம்பராவில் இருந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? கேட்டிருக்கிறீர்களா?

வியாழக்கிழமை விடியலில் ரயில் ஓடினால் ரயிலில், இல்லாவிட்டால் கிடைக்கிற வண்டியில் இறங்குகிறோம். உள்ளே கொண்டு போகும்போது உங்களை நினைப்பேன். ஆனால் உங்களிடம் வருவதற்காக அல்ல, இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். கோபப்பட மாட்டீர்கள் என்று தெரியும். தையல் பிரித்து, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, நாட்டில் எது மூடிக் கிடந்தாலும் சரி, உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். செருப்பைக் கழற்றச் சொல்லித் தண்ணீரில் நிற்க வைப்பேன். பயந்தால் பிடித்துக்கொள்வேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவுக்கு இப்போது மகளாகவும் இருக்கிற
லூர்து